கோடு இல்லாத ஸ்டாம்பு

நம் வயதுக்காரர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு வருஷம் ஸ்டாம்பு சேர்த்திருப்பீர்கள். பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி, உறையிலிருந்து வெட்டிய துண்டுகளை மிதக்கவிட்டு, பசை இளகும் முன்பே அவசரப்பட்டு உரித்து, ஓரத்துப் பல் ஒன்று பிய்ந்துபோனதும் அழுதிருப்பீர்கள். பிறகு கல்யாணம், பிள்ளைகள், ஜப்பான்காரன் ஆட்சி, பென்ஷன் என்று ஒவ்வொன்றாக வந்து அந்த நோட்டு எங்கே போனதென்றே தெரியாமல் போயிருக்கும். என் நோட்டு எங்கே போனதென்று எனக்குத் தெரியும். நானே அதை அடுப்பில் வைத்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா சரக்கு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கரித்தூள் படியாத நாள் கிடையாது. அம்மா ஒவ்வொரு துணியையும் இரண்டு முறை உதறித்தான் மடிப்பாள். எஞ்சின் கூவுகிற தோரணையை வைத்தே இது கிள்ளான் வண்டி, இது ரவாங் வண்டி என்று நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவளுடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஆபீசில் எதிரெதிர் மேசை. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஒரே கான்வென்டுக்கு ஒன்றாக நடந்து போவோம். அவர்கள் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி வைத்தால் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் பணியாரம் சுட்டால் ஒரு தட்டு அங்கே போகும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலி இருந்தது. நாங்கள் நுழைந்து நுழைந்து அதில் ஒரு சந்து விழுந்துவிட்டது. அதை அடைக்க வேண்டுமென்று பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டாம்பு சேர்க்கும் பைத்தியம் முதலில் அவளைத்தான் பிடித்தது. அவளிடமிருந்து எனக்குத் தொற்றியது. நம் ஊர் ஸ்டாம்பில் அப்போது பாயும் புலி இருக்கும். புலிகள் எங்களிடம் ஏராளம். ஒரு பக்கம் முழுவதும் சிவப்புப் புலி, அடுத்த பக்கம் பச்சைப் புலி. அப்பா ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய கணக்கு நோட்டில், கஞ்சியைத் தொட்டு ஒட்டுவேன். கஞ்சி வாசத்துக்குக் கரப்பான் வந்து ஒரு புலியின் வாலைத் தின்றுவிட்டது என்று நான் சாப்பிடாமல் படுத்த நாள்கூட உண்டு.

ஒரு மழைநாளில் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளுக்கு வெயில் காட்ட முடியவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அடியில் ஒரு கடிதம் இருந்தது. அம்மாவின் தம்பி எழுதியது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் சிங்கப்பூரில் ஒரு துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தாராம். அங்கே பெரிய பொருட்காட்சி நடந்தது, யானையெல்லாம் வந்தது, அக்கா நீ பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கப்பலில் வேலைக்கு ஏறிப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். காய்ச்சலில் போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். அம்மா இரண்டையும் நம்பவில்லை.

நான் கடிதத்தைப் பார்க்கவில்லை. உறையைத்தான் பார்த்தேன். அதில் புலி இல்லை. ராஜா தலை போட்ட மங்கிய சிவப்பு ஸ்டாம்பு. அதன்மேல் கறுப்பு மையில் மூன்று வரி ஆங்கில எழுத்து. அந்தப் பொருட்காட்சியின் நினைவாக, இருந்த ஸ்டாம்பின் மேலேயே பெயரை அச்சடித்து விட்டிருக்கிறார்கள். தபால் முத்திரை ராஜாவின் தாடியில் விழுந்திருந்தது. கீழ் மூலையில் ஒரு மஞ்சள் கறை. கடிதம் வந்த அன்று அம்மா மஞ்சள் அரைத்த கையோடு வாங்கியிருக்கிறாள்.

நான்கு நாள் கெஞ்சினேன். ஐந்தாம் நாள் அம்மா கத்தரிக்கோலை எடுத்து, கடிதத்தைத் தனியே பத்திரமாக வைத்துவிட்டு, உறையின் மூலையை மட்டும் வெட்டி என் கையில் கொடுத்தாள். "தண்ணியில போடாதே. தம்பி நாக்குல தொட்டு ஒட்டுனது அது" என்றாள். அதனால் நான் அதைத் தாளோடு அப்படியே வைத்துக்கொண்டேன்.

வேலிச் சந்தில் நுழைந்து ஓடினேன். அவளிடமும் அதே ஸ்டாம்பு ஒன்று இருந்தது, ஏதோ உறவினர் கடிதத்தில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"இஞ்ச பாரடி. என்ரையில முதல் வரி முடியிற இடத்தில ஒரு சின்னக் கோடு இருக்குது. உன்ரையில இல்லை."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என்னோடது பழுதா?"

"பொறு. எங்கட அப்பாவிட்டக் கேப்பம்."

அவளுடைய அப்பாவிடம் ஸ்டாம்புகளின் விலைப்பட்டியல் புத்தகம் ஒன்று இருந்தது. யாரோ ஊருக்குப் போனவர் விட்டுப்போனது. முதுகு கிழிந்து, பூச்சி அரித்து, பக்கம் புரட்டினால் தூள் பறக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைத் துணியில் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் விரலை ஓட்டினார். கடைசியில் ஒரு வரியில் நிறுத்தினார். கோடு விடுபட்டது என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அதற்கு நேராக விலை இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. வெறும் கோடுதான் போட்டிருந்தது.

"விலை இல்லையோ அப்பா?" என்று அவள் கேட்டாள்.

"விலை போடேலாது எண்டு அர்த்தம், பிள்ளை. வித்தால்தானே விலை தெரியும்? ஆரும் இன்னும் விக்கேல்லை." பிறகு என்னைப் பார்த்து, "கவனமா வைச்சிரு. இது விளையாட்டுச் சாமானில்லை" என்றார்.

ஸ்டாம்பு என்னுடையது. கண்டுபிடித்தது அவள். ஆகவே அது இரண்டு பேருக்கும் சொந்தம் என்று அன்றே பேசிக்கொண்டோம். ஒரு வாரம் என் வீட்டில், ஒரு வாரம் அவள் வீட்டில். ஞாயிறு மத்தியானம் அது வேலிச் சந்து வழியாகக் கைமாறும். ஒருமுறைகூட அவள் நேரம் தவறியதில்லை.

அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கித்தா ரப்பர் விலை விழுந்தது, ஈயம் விழுந்தது. தோட்டத்து ஜனங்கள் சட்டியும் பாயுமாகக் கிள்ளான் வண்டியில் ஏறித் துறைமுகத்துக்குப் போனார்கள். கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டுவோம். சிலர் திருப்பிக் கையாட்டுவார்கள். கிராணிகள் அந்த வண்டியில் ஏற வேண்டியிருக்காது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு கிராணிகளிலும் ஆள் குறைப்பு என்று பேச்சு வந்தது. அப்பாவுக்கு இரவுச் சாப்பாடு குறைந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சொதிக் கிண்ணம் வருவதும் குறைந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா என்னை அருகில் உட்கார வைத்துக்கொண்டார். அது வழக்கமில்லை.

"பாப்பா, அந்த ஸ்டாம்ப ஒரு நாளைக்கு அப்பாகிட்ட குடு. எங்க ஆபீஸ் வெள்ளக்காரத் தொரை இதுலெல்லாம் பெரிய ஆளு, ஆல்பமா அடுக்கி வச்சிருக்காரு. என்ன மதிப்புன்னு கேட்டுட்டு வந்துடறேன்."

"பத்திரமா கொண்டாந்துருவீங்களாப்பா?"

"அப்பா பத்திரமா கொண்டாராம வேற யாரு கொண்டாருவா?"

அது என் வாரம். அவளைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதை ஒரு வெள்ளைத் தாளில் மடித்து, கோட்டுப் பையில் வைத்து, வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். துரை மெச்சுகிற பொருள் நம் வீட்டில் இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மத்தியானம் திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம். உள்ளே பல தேசத்து ஸ்டாம்புகள், நூறுக்குக் குறையாது. ஒட்டகம், கப்பல், கிரீடம், பனை மரம்.

"தொரை உனக்குக் குடுத்தாரு" என்றார்.

"என் ஸ்டாம்பு எங்கப்பா?"

அப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுவரைப் பார்த்தபடியே பேசினார். "அது போலியாம். எவனோ அந்தச் சின்னக் கோட்ட சொரண்டி எடுத்துருக்கான். போலிய கையில வச்சிருந்தா குத்தமாம், பாப்பா. தொரை அங்கேயே கிழிச்சுப் போட்டுட்டாரு."

அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்து நின்றாள். "என் தம்பி எதையும் சொரண்டலையே" என்றாள். அப்பா கால் கழுவப் பின்கட்டுக்குப் போனார்.

நான் அழுதேன். ஆனால் நம்பினேன். அதைத்தான் இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். ஒரு கணம்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. பொட்டலத்து ஸ்டாம்புகளைத் தேச வாரியாகப் பிரித்துக்கூட வைத்தேன்.

அவள் நம்பவில்லை. ஞாயிறு மத்தியானம் வேலிச் சந்தில் வெறுங்கையோடு நின்று நான் சொன்னதைக் கேட்டாள். "சுரண்டினால் தாள் மயிர் எழும்பும். எங்கட அப்பா பூதக்கண்ணாடி வைச்சுப் பார்த்தவர். வழுவழு எண்டு இருந்தது" என்றாள். நான் கோபித்துக்கொண்டேன். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றேன். அவள் திரும்பி உள்ளே போனாள்.

அடுத்த மாதம் அவளுடைய அப்பாவுக்கு வேலை போயிற்று. ஒரே பிரிவில் எதிரெதிர் மேசை இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். என் அப்பாவின் மேசை தங்கியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவர்களுக்கு நாள் குறித்தார்கள். பெட்டி கட்டுகிற சத்தம் சுவர் வழியாக எங்களுக்குக் கேட்கும். அம்மா இரண்டு மூன்று முறை அங்கே போய் உதவி செய்துவிட்டு வந்தாள். அப்பா போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கண்காட்சி நடந்தது. வேலையிழந்தவர்களின் குடும்பங்களுக்கு அரிசி வாங்கிக் கொடுப்பதற்காகத் துரைசானிகள் சேர்ந்து ஒரு மண்டபத்தில் மூன்று நாள் ஏற்பாடு செய்தார்கள். கேக், பின்னல் வேலை, ரோஜாச் செடி, அவற்றோடு துரைமார்கள் சேர்த்துவைத்த பொருள்கள். கிராணிகள் குடும்பத்தோடு வரவேண்டும் என்று துரை சொல்லிவிட்டாராம். முதல் நாளே போனோம். அப்பா கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். வாசலில் என்னிடம், "கேக் இருக்கிற பக்கம் பாத்துட்டு வா. கடைசி மேசைக்குப் போகாதே, அங்கெல்லாம் பெரியவங்க நிப்பாங்க" என்றார்.

போகாதே என்று சொன்ன இடத்துக்கு எந்தப் பிள்ளை போகாமல் இருக்கும்? கடைசி மேசையில் கண்ணாடிக்கு அடியில் துரையின் ஆல்பங்கள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டாம்பு. ராஜாவின் தாடியில் முத்திரை. கீழ் மூலையில் மஞ்சள் கறை. அடியில் அழகான கையெழுத்தில், கோடு விடுபட்டது, மிக அரியது, சேகரிப்பவரே கண்டெடுத்தது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அதை மூன்று முறை படித்தேன்.

"இது என்னுடையது" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பேச்சு நின்றுவிட்டது.

துரை பக்கத்திலேயே நின்றிருந்தார். சிவந்த முகம், நல்ல சிரிப்பு. குனிந்து, "அப்படியா? உன்னுடையதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். அப்பா வந்து நின்றிருந்தார்.

நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். "அப்பா, நம்ம ஸ்டாம்புப்பா. கிழிக்கலப்பா. பாருங்க, அம்மா கை மஞ்சள்" என்றேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. துரை ஏமாற்றிவிட்டார், அப்பாவுக்கு அது தெரியாது, இதோ நான் கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்பா என் கையை எடுத்துவிட்டார். நல்ல ஆங்கிலத்தில், ஆபீசில் பேசுகிற குரலில், "மன்னியுங்கள் சார். என் மகளுக்குக் கற்பனை அதிகம். இவளிடம் இப்படி ஒரு ஸ்டாம்பு இருந்ததே இல்லை" என்றார். பிறகு என்னிடம் தமிழில், உதடு அசையாமல், "சாரி சொல்லு" என்றார்.

அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கண்ணாடிக்கு அடியில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சாரி சொன்னேன். துரை என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ ஒரு துரைசானி எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, பக்கத்தில் உட்காராமல் நின்றாள்.

"என் தம்பி கடுதாசியில இருந்ததையா குடுத்தீங்க?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இருக்கலாம்னு பேச்சு அடிபட்டுச்சு. நான் என்ன செய்யட்டும்? மூட்டைய கட்டிக்கிட்டுக் கப்பல் ஏறணுமா?"

"அப்ப பக்கத்து வீட்டுக்காரரு?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா குழம்பு ஊற்றினாள். நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

ஆக, துறைமுகத்துக்கு அவள் குடும்பத்தை வழியனுப்பப் போன அன்று எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் பேசினேன் என்று சொல்ல வழியில்லை.

ரயில்வே பாஸ் இருந்ததால் அப்பாவும் நானும் கூடப் போனோம். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அப்பா நினைத்திருப்பார். கிள்ளான் தாண்டியதும் சதுப்பு வாடை, உப்புக் காற்று. ரயில் பெட்டிக்குள் அவளுடைய அப்பா என் அப்பாவிடம், எந்தப் பேரேட்டை எந்த அலமாரியில் வைத்திருக்கிறார் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கப்பலுக்குப் போகிற படகுக்காகக் காத்திருந்தபோது அவள் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள். புதுப் பாவாடை, இறுக்கிப் பின்னிய சடை. என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த ஸ்டாம்பு உண்மையாவே போலியோ? துரை கிழிச்சவரோ?"

அப்பா நாலைந்து அடி தூரத்தில்தான் நின்றிருந்தார். முதுகு எங்கள் பக்கம். ஆனால் அந்த முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆமா. போலிதான். கிழிச்சுட்டாரு" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள். படகில் ஏறி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது அப்பா என் தலையில் கை வைத்தார். அவர் என்னை நன்றியோடு தொட்டது அந்த ஒரு முறைதான். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி எனக்குக் கச்சான் கடலை வாங்கி வந்தார். வீடு போய்ச் சேர்ந்ததும் புலிகளையும் ஒட்டகங்களையும் நோட்டோடு அடுப்பில் வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், தடுக்கவில்லை.

அப்பா நல்ல மனிதர் என்றுதான் ஊர் சொன்னது. என்னைப் படிக்க வைத்தார், டீச்சர் ஆக்கினார். அந்த ஸ்டாம்பைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. யுத்தம் முடிந்து பல வருஷம் கழித்து அவர் காலமானார். துக்கத்துக்கு அவருடைய பழைய ஆபீசின் பெரிய கிராணி வந்திருந்தார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், தள்ளாத வயது. காப்பி குடித்துக்கொண்டே பழங்கதை பேசினார். ஆள் குறைப்புப் பட்டியலைத் தட்டச்சு செய்தது அவர்தானாம்.

"அது மேலிடத்தில இருந்து வந்த லிஸ்ட், பிள்ளை. எங்கட துரை மாத்தேலாது. உங்கட அப்பான்ர பேர் அதில முதல்ல இருந்தே இல்லை. ரெண்டு மாசம் முந்தியே எனக்குத் தெரியும். சொல்லக்கூடாது எண்டதால சொல்லேல்லை."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவைப் பார்த்தேன். எதற்காக என்னைக் கூட்டத்தின் நடுவே பொய்க்காரி ஆக்கினாரோ, அந்த வேலை அவர் கையில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அவர் மேல் இரக்கப்பட வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. இன்றைக்கும் பாதிதான் வந்திருக்கிறது.

அந்தப் பெரியவரிடம் அவளுடைய விலாசம் கேட்டு வாங்கினேன். கொழும்பில் இருந்தாள், கல்யாணமாகிப் பிள்ளைகளோடு. பத்து நாள் எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன். கண்ணாடிக்கு அடியில் பார்த்தது, சாரி சொன்னது, பட்டியலில் பெயரே இல்லாதது. படகுத்துறையில் உன்னிடம் பொய் சொன்னேன், என்னை மன்னித்துவிடு என்று முடித்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அரைப் பக்கம்கூட இல்லை. தன் அப்பா ஊர் போன அடுத்த வருஷமே இறந்துவிட்டார் என்று ஒரு வரி. பிறகு இது:

"அந்தக் கண்காட்சிக்கு அப்பா கடைசி நாள் தனியாகப் போனவர். கண்ணாடிக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னவர். உன் தகப்பனை ஒன்றும் கேட்க வேண்டாம், அவருக்கும் பிள்ளை இருக்கிறது என்றும் சொன்னவர். கப்பலடியில் நான் உண்மையை அறியக் கேட்கவில்லை. அது எனக்கு முதலே தெரியும். நீ சொல்லுவாய் என்று நினைத்துத்தான் கேட்டேன்."

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கையெழுத்துக்கூடப் போடவில்லை.